படத்தில் இல்லாத இடது கால்

முதலாளி, "எல்லாரும் மேல வந்தாச்சு" என்று அன்றைக்குக் குவாரியில் நீங்கள் சொன்னது பொய். நாங்கள் இரண்டு பேர் கீழே இருந்தோம். அது உங்களுக்குத் தெரியும்.

அவரிடம் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. இனி உங்களிடம் பேசுகிறேன். இதைப் படிக்கிற நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தெரிந்த ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். நடுவில் வேறு பேச்சுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயந்த ஆள் நேராகப் பேச மாட்டான்.

நாங்கள் இருப்பது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில். நான் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. என் மகன் கார்த்தி பிளாஸ்டிக் பாகம் செய்கிற இன்னொரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். போன வாரம் ஒரு சாயங்காலம் அவன் கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். கட்டிலில் புதுப் பேண்ட் ஒன்றை விரித்தான். சந்தன நிறம், பருத்தித் துணி. பக்கத்தில் வெள்ளைச் சட்டை. பிறகு பெட்டியைத் திறந்து பழுப்பு நிறச் செருப்பை எடுத்து அந்தப் பேண்ட்டின் கால் முனையில் வைத்தான். கட்டிலில் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

"அப்பா, நீ செருப்புக் கடையில இருந்த ஆளு தான? இந்த பேண்ட்டுக்கு இது செட் ஆவுதா, சொல்லு."

செட் ஆகத்தான் செய்தது. ரொம்ப நன்றாகவே செட் ஆனது. ஆனால் பெட்டியிலிருந்து புதுச் செருப்பு வாசனை வந்தது. ஒட்டுப்பசையும் தோலும் அட்டையும் கலந்த வாசனை. புதுச் செருப்பு வாசனை வந்தால் எல்லாருக்கும் தீபாவளி ஞாபகம் வரும். எனக்குக் கல் தூசி ஞாபகம் வரும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அப்படித்தான்.

"எதுக்குடா திடீர்னு இதெல்லாம்?" என்றேன்.

அவன் போனை நீட்டினான். அதில் என் பழைய முதலாளி. தலை நரைத்து, கண்ணாடி போட்டு, நன்றாக இருக்கிறார். அவருக்கு இப்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி, பெங்களூர் என்று கிளைகள். கோடையில் ஆண்கள் எந்தத் துணிக்கு எந்தச் செருப்பு போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். கருங்கல் பாறை, வெள்ளைத் தூசி, ஓடுகிற இரண்டு பேரின் கால்கள். முழங்காலுக்கு மேல் ஒன்றும் இல்லை. முதலாளி அதைக் காட்டிச் சொன்னார்: "இதுதான் நம்ம கடையோட மொத போட்டோ. அந்த ரெண்டு பசங்களும் அன்னைக்கி சிரிச்சிக்கினே ஓடுனாங்க. அதே குவாரிக்கு நீங்களும் போங்க. நம்ம செருப்பு போட்டுக்கினு அதே மாதிரி ஓடி ரீல் எடுத்து அனுப்புங்க. இந்தக் கோடை முழுக்கப் போட்டி. பெஸ்ட்டுக்குப் பரிசு."

"ஞாயித்துக்கெழம நாலு பேரு போறோம்பா," என்றான் கார்த்தி.

அந்தப் படத்தில் வலது பக்கம் ஓடுகிற கால்கள் என்னுடையவை. இடது பக்கம் ஓடுகிறவன் என்னோடு கடையில் வேலை செய்த அன்வர். நாங்கள் சிரிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை. உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். செருப்புக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். வெளியே அடுக்கி வைத்திருப்பது எல்லாம் ஒற்றைச் செருப்பு. எங்கள் கடையில் எல்லாம் வலது கால். ஜோடியாக வைத்தால் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். கம்பெனி ஆட்கள் புது மாடல் காட்ட வரும்போதும் பையில் வலது காலாகத்தான் கொண்டுவருவார்கள். பிடித்திருந்தால் ஆர்டர், பிறகுதான் ஜோடி. சாம்பிள் எல்லாம் எட்டாம் நம்பர். என் காலும் எட்டு, அன்வர் காலும் எட்டு. எங்களை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். சர்ட்டிபிகேட்டை முதலாளி பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. காலை நீட்டச் சொன்னார், ஒரு சாம்பிளை மாட்டிப் பார்த்தார், "நாளைக்கு வந்துடு" என்றார். என் வாழ்க்கையில் நான் பாஸான ஒரே இன்டர்வியூ அது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. சிப்காட்டில் வேலை செய்கிற பையன்கள் வருவார்கள். வாரம் முழுக்க இரும்பு மூக்கு வைத்த ஷூவுக்குள் வெந்த கால்கள். விரல்கள் வெளுத்து, தண்ணீரில் ஊறிய அரிசி மாதிரி இருக்கும். கணுக்காலுக்கு மேல் ஷூ கடித்த கறுப்புக் கோடு ஒன்று. செருப்பு மாட்டிவிடக் குனியும்போது கூச்சப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். "காத்தோட்டமா ஒண்ணு குடுங்கண்ணா, போதும்" என்பார்கள். என்ன நிறம், என்ன வார் என்றெல்லாம் கேட்கத் தெரியாது. எங்களுக்கும் சொல்லத் தெரியாது.

முதலாளிக்குத் தெரிந்திருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பெங்களூர் போனால் எம்.ஜி. ரோட்டில் ஆட்களின் காலையே பார்த்துக்கொண்டு நடப்பார். எங்களுக்குப் பாடம் எடுப்பார். வெள்ளைச் சட்டைக்குப் பழுப்பு வார். வெயில் காலத்தில் கறுப்புச் செருப்பு கனமாகத் தெரியும், தொடாதே. பேண்ட் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், இரண்டு மடிப்பு, அதற்கு மேல் மடித்தால் வயலில் இறங்குகிற ஆள் மாதிரி ஆகிவிடும். வேட்டிக்குக் கட்டைவிரல் வார் மட்டும். சாக்ஸ் போட்டுக்கொண்டு அதன்மேல் செருப்பு போடுகிறவனுக்கு நம் கடையில் இடமில்லை. "செருப்ப மட்டும் விக்காதீங்கடா. தலையில இருந்து கால் வரைக்கும் அவன் எப்பிடி இருப்பான்னு காட்டிட்டு வில்லுங்க." இன்றைக்கும் பஸ்ஸில் எவனாவது சந்தன நிறப் பேண்ட்டுக்குக் கறுப்புச் செருப்பு போட்டிருந்தால் எனக்குக் கை அரிக்கும். சொல்லித் திருத்தலாமா என்று இருக்கும். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி சொன்னால் யார் கேட்பார்கள்?

ஓசூரில் கோடைச் செருப்பு விற்பதே அன்றைக்கு ஒரு வேடிக்கை. அப்போது இங்கே கோடை ஏது? மே மாதம் காலையில் டீக்கடையில் மப்ளர் கட்டிய தலைகள் இருக்கும். "வெயிலே இல்லாத ஊர்ல வெயிலுக்குச் செருப்பு விக்கறான் பாரு" என்று பக்கத்துக் கடைக்காரர் சிரிப்பார். முதலாளி அசைய மாட்டார். அவருக்கு அன்வர் மேல் நம்பிக்கை.

அன்வரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் கல்லாவி. அவனுடைய அத்தா அங்கே சந்தையில் கயிறும் சாக்கும் விற்கிறவர். இவன் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, வேலை நின்றதும் கடைக்கு வந்தவன். முகம் சாதாரண முகம்தான். நடைதான் வேறு. குதிகால் முதலில் மண்ணைத் தொடும், பிறகு பாதம் உருளும், கடைசியில் ஒரு சின்ன எம்பல். சாயங்காலம் ஆனால் முதலாளி அவனுக்குப் புது ஜோடியை மாட்டி, "மார்க்கெட்டு வரைக்கும் ஒரு நட நடந்துட்டு வாடா" என்பார். அவன் திரும்பி வருவதற்குள் அவன் பின்னாலேயே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். "அந்தத் தம்பி போட்டுக்கினு போனது குடுங்க" என்று கேட்பார்கள். நானும் நடந்து பார்த்திருக்கிறேன். ஒருத்தர்தான் பின்னால் வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்.

அந்த வருஷம் அன்வருக்கு மோட்டார் சைக்கிள் கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. இன்டர்வியூ முடிந்துவிட்டது. மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. நிரந்தர வேலை என்றால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெண் தருவார்கள், வீடு வாடகைக்குத் தருவார்கள், மனிதனாக மதிப்பார்கள். "மெடிக்கல் முடியட்டும் மச்சான், மொத நாளு கம்பெனி பஸ்ஸு உன் கட வாசல்ல என்னைய ஏத்திக்கும், நீ டாட்டா காட்டணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அப்போது ஃப்ளெக்ஸ் போர்டு புதுசு. எல்லாரும் எதையாவது பெரிதாக அடித்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கும் ஆசை வந்தது. கோடைக்கு ஒரு போர்டு. கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற நாகராஜைப் பிடித்தார். இடமும் அவரே பார்த்தார். கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு கிரானைட் குவாரி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் பையன்கள் தேடிக்கொண்டு போவார்கள். குவாரிக்காரர் முதலாளிக்குப் பழக்கம். "சாப்பாட்டு நேரத்துல வேல இருக்காது. அப்ப எறங்கி எடுத்துக்குங்க" என்று சொல்லியிருந்தாராம்.

அப்போது அங்கே ஒரு மலை இருந்தது. பாதி மலை என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் புதரும் பாறையும். மறுபக்கம் கேக் வெட்டின மாதிரி நேர்க்கோடாக அறுத்த கல் சுவர். அதற்குக் கீழே பள்ளம். லாரி இறங்குகிற சரிவுப் பாதை ஒன்றுதான் உள்ளே போகவும் வெளியே வரவும். கீழே நின்று பார்த்தால் வானம் ஒரு சதுரமாகத் தெரிந்தது. நான் எப்போதுமே பயந்தாங்கொள்ளிதான். லிப்டில் ஏற மாட்டேன்.

எங்கள் பழைய செருப்பை மேலே வேனிலேயே விட்டுவிடச் சொன்னார் முதலாளி, அது படத்தில் வந்துவிடக் கூடாதாம். கீழே போய்ச் சாம்பிள் பெட்டியைத் திறந்தோம். எல்லாம் வலது கால்.

கடையில் தினமும் பார்க்கிற விஷயம். பெட்டியைக் கட்டினது நாங்கள், தூக்கி வந்தது நாங்கள், பக்கத்தில் நின்றது முதலாளி. ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செருப்புக் கடைக்காரன் கண்ணுக்கு ஒற்றைச் செருப்புதான் முழுச் செருப்பு. ஜோடி என்பது பில் போடும்போது ஞாபகம் வருகிற விஷயம். நாகராஜ்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முதலாளி அசரவில்லை. "வலது பக்கம் இருந்து எடு. எடது கால கல்லுக்குப் பின்னால மறைச்சிக்கங்கடா" என்றார். அப்படியே செய்தோம். வெள்ளைச் சட்டை, சந்தன நிறப் பேண்ட், கணுக்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு. வலது காலில் பழுப்புச் செருப்பு, பளபள பக்கிள். இடது கால் வெறும் கால். பன்னிரண்டு மணி வெயிலில் காய்ந்த கல். ஓசூரில் வெயில் இல்லை, சரி. பள்ளத்துக்குள் இருந்தது. கொஞ்ச நேரம் நிற்பதும் காலைத் தூக்குவதுமாக இருந்தோம்.

"மச்சான், வலது காலுக்குக் கோடைக் கொண்டாட்டம். எடது காலுக்குத் தீமிதி" என்றான் அன்வர். கொஞ்சம் பொறுத்து, "எடது காலுக்கு மட்டும் வேற மொதலாளி கெடைப்பாராடா?" என்றான். நான் சிரித்து ஆடியதில் ஒரு படம் வீணானது என்று நாகராஜ் திட்டினார். அதுதான் நாங்கள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. படத்தில் அது இல்லை.

கொஞ்ச நேரத்தில் முதலாளி, "நான் மேல போயி வண்டியில ஒக்காந்திருக்கேன், வெயில் தாங்கல. முடிச்சிட்டு வாங்க" என்று சரிவில் ஏறிப் போனார். நாகராஜ் சரிவுப் பாதையின் நடுவில் நின்று, கேமராவை எங்கள் பக்கம் திருப்பி, "இப்ப என்னப் பாத்து நடந்து வாங்கண்ணா, மெதுவா" என்றார். வெறும் காலில் நடந்தால் தெரிந்துவிடுமே என்று நாங்கள் யோசித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது விசில் ஊதினார்கள்.

நீளமான விசில். நான் அன்வரைப் பார்த்தேன். "சாப்பாடு முடிஞ்சிருச்சுன்னு ஊதறாங்கடா" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கம்பெனிச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. ஊதினால் சாப்பாடு, ஊதினால் ஷிப்ட். சத்தம் வந்தால் ஓட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இன்னொரு முறை ஊதினார்கள். நான் பேண்ட் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

மேலே பள்ளத்தின் விளிம்பில் ஒரு ஆள் தெரிந்தார். குவாரி மேஸ்திரி. கன்னடக்காரர். கையில் சிவப்புத் துணி. எங்களைப் பார்த்ததும் அவர் உடம்பே உதறியது, அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. "ஏய்! ஓட்ரோ! ஓட்ரப்பா! மருந்து வெச்சாச்சு, ஓட்ரோ!" தொண்டை கிழிகிற சத்தம்.

வெடி எந்தச் சுவரில் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் பயம். புலி வந்தால் எதிர்ப்பக்கம் ஓடலாம். இங்கே நாலு பக்கமும் கல். நான் ஓடினது எனக்கு ஞாபகம் இல்லை. வலது காலில் புதுச் செருப்பு வழுக்குகிறது, இடது காலில் கல் சுடுகிறது, இரண்டு கால் இரண்டு உயரம். அதுதான் ஞாபகம். அன்வர் எனக்கு வலது பக்கம் அரையடி முன்னால். சரிவில் நாகராஜ் கேமராவோடு நிற்கிறார். அவர் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. நாங்கள் கடைசியில் ஒருவழியாக நடந்து வருகிறோம் என்று நினைத்துப் படம் பிடிக்கிறார்.

பிறகு வெடித்தது. சத்தத்தை விடக் காற்றுதான் முதலில் வந்து முதுகில் அறைந்தது. வெள்ளைத் தூசி எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகும் ஓடினோம். தூசிக்குள் அன்வர் ஒரு சத்தம் போட்டான். வலிக்கிற சத்தம் இல்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டால் "ஆங்?" என்போமே, அப்படி. உட்கார்ந்துவிட்டான்.

இடது காலின் குதிகாலுக்கு மேல், பின்பக்கம், கல் சில்லு ஒன்று வெட்டிக்கொண்டு போயிருந்தது. கத்தி வைத்த மாதிரி. அங்கே பின்வார் வைத்த செருப்பு இருந்திருந்தால் வெட்டு இந்த ஆழம் இருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். வார் இருந்தது. வலது காலில் இருந்தது.

நானும் நாகராஜும் அவனைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். வேன் இல்லை. நிறுத்தின இடத்தில் டயர் தடம் இருந்தது. வேன் ரோட்டுக்குப் பக்கத்தில், தூரத்தில் ஒரு புளிய மரத்தடியில், இன்ஜின் ஓடிக்கொண்டு, கண்ணாடி ஏற்றி நின்றது. வெடிக்கு எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தூரம்.

மேஸ்திரி ஓடி வந்தார். அழுதுகொண்டிருந்தார். அரைத் தமிழும் அரைக் கன்னடமுமாக எங்களிடம் மன்றாடினார். "உம் மொதலாளிய ரெண்டு தடவ கேட்டேனப்பா. கீழ யாராச்சும் இத்தாரா, யாராச்சும் இத்தாரான்னு. எல்லாரும் மேல வந்தாச்சுன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துக்கினு போயிட்டாரு. நான் என்னப்பா பண்ணட்டும்?"

ஆஸ்பத்திரியில் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "வண்டியில இருந்து உழுந்துட்டான் சார்." டாக்டர் எங்களைக் கேட்கவில்லை. நான் இன்னும் இரண்டு நாள் வலது காலில் அந்தச் சாம்பிளோடு திரிந்தேன் என்று நாகராஜ் பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது.

காயம் ஆறியது. நரம்பு சேரவில்லை. மெடிக்கலில் அன்வரைக் குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்கச் சொன்னார்களாம். வலது காலில் நின்றான். இடது காலில் நிற்க முடியவில்லை. கம்பெனி பஸ் எங்கள் கடை வாசலில் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை. அவன் கல்லாவிக்குப் போனான், அத்தாவின் கயிற்றுக் கடைக்கு. உட்கார்ந்து செய்கிற வியாபாரம்.

ஒரு மாதத்தில் போர்டு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பெரிது. நாங்கள் ஓடுகிற படம். "வெயில் விரட்டுதா? நம்ம செருப்பு இருக்கு!" என்று எழுதியிருந்தது. ஊரே நின்று பார்த்தது. அப்படி ஒரு ஓட்டத்தை யாரும் விளம்பரத்தில் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருப்பார்கள்? உயிருக்கு ஓடுகிறவனை யார் விளம்பரத்துக்கு நிறுத்தி வைப்பார்கள்? கடைக்குக் கூட்டம் வந்தது. நான் அந்தப் போர்டைப் பார்க்கக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வேறு வழியாகப் போய், இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு பார்த்த வேலைகளில் எல்லாம் ஒரே கஷ்டம். சங்கு ஊதினால் எனக்குக் கால் தானாக ஓடப் பார்க்கும். இப்போது கேட்டில் நிற்கும்போதும் ஷிப்ட் சங்குக்குத் தூணைப் பிடித்துக்கொள்வேன். "அண்ணனுக்குச் சங்கு ஆகாது, வீட்டுக்கு ஓடிடுவாரு" என்று பையன்கள் கலாட்டா செய்வார்கள். நானும் சிரிப்பேன். வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட நான் சமையல் கட்டுப் பக்கம் இருக்க மாட்டேன். என் மனைவி இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் கார்த்தியிடம் சொன்னேன். முதல் முறையாகச் சொன்னேன். அவன் கேட்டான். கேட்டுவிட்டு, "அது அப்ப, அப்பா. இப்ப குவாரிய மூடிட்டாங்க. வெடியெல்லாம் இல்ல. தண்ணிதான் கெடக்குது, சூப்பரா பச்சையா இருக்குது" என்றான். போட்டிக்கு ஏற்கெனவே வந்த ரீல் ஒன்றைக் காட்டினான். வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் அறுத்த கல் விளிம்பில் ஓடி வருகிறான். கல் மேல் பச்சைப் பாசி. கடைசியில் அவன் கால் சறுக்குகிறது. பக்கத்தில் இருப்பவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். கீழே அந்தப் பச்சைத் தண்ணீர். நாங்கள் நின்ற இடம் அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. எவ்வளவு கீழே என்று எனக்குத் தெரியும். வானம் சதுரமாகத் தெரிகிற அளவுக்குக் கீழே.

சனிக்கிழமை அவனைக் கல்லாவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்வர் கடையில் உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்துவிட்டது. கொளுத்துகிற வெயிலில் காலில் மூடின ஷூ, லேஸ் இறுக்கிக் கட்டி. "எனக்குச் செருப்பு நிக்காதுடா தம்பி" என்றான் கார்த்தியிடம். ஷூவைக் கழற்றி, கார்த்தியின் புதுச் செருப்பில் இடது காலை வாங்கி மாட்டி, பக்கிள் போட்டான். எழுந்து கடை வாசல் வரைக்கும் நடந்தான். இரண்டாவது எட்டில் குதிகால் வெளியே வழிந்தது. மூன்றாவது எட்டில் காலை இழுத்தான்.

"இவுரு நடக்கறதப் பாத்துதான் செருப்பு வாங்குவாங்கன்னு சொன்னியேப்பா," என்றான் கார்த்தி.

"வாங்குனாங்கடா. இப்பவும் வாங்கறாங்க, நீயே வாங்கிட்ட பாரு" என்று அன்வர் சிரித்தான். பிறகு கார்த்தி போனை எடுத்து முதலாளியின் படத்தைக் காட்டினான். அன்வர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டு விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தான். "அட மச்சான், இத நீ பாக்கலயா? நீயும் செருப்புக் கடக்காரன்தான?"

அப்போதுதான் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்க்காமல் ஓடினவன் ஆயிற்றே. என் இடது கால் தூசியில் மறைந்துவிட்டது. அன்வரின் இடது கால் மறையவில்லை. அந்த வெறும் காலில் கம்ப்யூட்டரில் ஒரு செருப்பை மாட்டியிருக்கிறார்கள். கையில் இருந்தது வலது கால் செருப்பின் படம் ஒன்றுதான். அதைத் திருப்பிக்கூடப் போடாமல் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பக்கிள் கணுக்காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அன்வர் இடது காலில் உள்பக்கம் இருக்கிறது. இரண்டு காலிலும் வலது கால் செருப்பு போட்டுக்கொண்டு ஒரு மனிதன் ஓடுகிறான். ஊரே பார்த்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"எழுது," என்றான் அன்வர். "எம் பேரப் போட்டே எழுது. பயந்துக்கினே எழுது, பரவால்ல."

கார்த்தி ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. செருப்புப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவனுடைய மூன்று நண்பர்கள் அடுத்த வாரம் போகிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு நான் யார்? அவர்களைப் போல இன்னும் எத்தனை வீட்டில், கட்டில் மேல் வெள்ளைச் சட்டையும் சந்தன நிறப் பேண்ட்டும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ. ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டில் நின்று, போகிற வருகிற பையன்களின் காலைத்தான் பார்க்கிறேன். பழுப்புச் செருப்பு தெரிந்தால் அவன் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஓசூரின் குளிர் போய்விட்டது. மப்ளர் கட்டிய தலைகள் போய்விட்டன. இப்போது இங்கே நிஜமாகவே கோடை இருக்கிறது, அதற்குச் செருப்பு விற்றால் யாரும் சிரிப்பதில்லை. அந்த ஒற்றை ஷட்டர் கடை இடித்துப் பெரிதாகிவிட்டது. மலை போய்விட்டது. லாரி லாரியாக ஏறி எந்த ஊர் வீட்டுத் தரையிலோ கிடக்கிறது, அது இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. கல்லாவிக்காரன் ஒருத்தன் சாயங்காலத்தில் மார்க்கெட் வரைக்கும் நடந்துபோன நடை போய்விட்டது. இவற்றில் எதையும் உங்களால் திருப்பித் தர முடியாது, முதலாளி. அதை நான் கேட்கவில்லை.

போட்டியை நிறுத்துங்கள். பிறகு அந்தப் படத்துக்கு முன்னால், அதே வீடியோவில், ஊர் பார்க்க உட்காருங்கள். அன்வர் இடது காலில் பக்கிள் ஏன் உள்பக்கம் இருக்கிறது என்று சொல்லுங்கள். மேஸ்திரி இரண்டு முறை கேட்டாரே, கீழே யாராவது இருக்கிறார்களா என்று. நாங்கள் இருப்பது தெரிந்தும் "எல்லாரும் மேல வந்தாச்சு" என்று ஏன் சொன்னீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.